மெஸ் மேசையை மாற்றி உட்காருங்கள்

கோடைப் பயிற்சிக்கு வந்திருக்கும் இளங்கலை மாணவர்களுக்கு,

அக்னி நட்சத்திர வெயிலில் சென்னை ஐஐடிக்கும், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கும், பெங்களூரு, ஹைதராபாத், புனே, மும்பை ஆய்வுக்கூடங்களுக்கும் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. உங்களில் சிலர் ஐஐடி, என்ஐடி, ஐசர் மாணவர்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரின் லேபில் உட்கார்ந்து பழகியவர்கள். சிலர் மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்தோ நெடுஞ்சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்தோ, தங்கள் துறையிலேயே முதல் ஆளாகத் தேர்வாகி வந்தவர்கள். இரண்டு மாதம் கழித்து எல்லோர் கையிலும் ஒரே மாதிரி சர்டிபிகேட் இருக்கும். கிடைத்த பலன் மட்டும் ஒரே மாதிரி இருக்காது. அந்த வித்தியாசம் லேபில் உண்டாவதைவிட மெஸ்ஸிலும் டீ நேரத்திலும் ஹாஸ்டல் வராந்தாவிலும்தான் அதிகம் உண்டாகிறது என்பதும், அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது என்பதும் என் வாதம். நெட்வொர்க்கிங் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் காரியத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் பல யோசனைகள் இந்த இடத்தில்தான் தடம் மாறிப் போகின்றன.

எட்டு வாரம் ஆய்வுக்கு எவ்வளவு சின்னக் காலம் என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐடி கார்டு, நூலக அனுமதி, கம்ப்யூட்டர் லாகின், பாதுகாப்பு வகுப்பு என்று முதல் வாரம் போய்விடும். கைடு கொடுத்த கட்டுரைகளில் முதல் கட்டுரையின் முன்னுரை பிடிபடுவதற்குள் இரண்டாம் வாரம் முடியும். கடைசி வாரம் அறிக்கைக்கும் பிரசண்டேஷனுக்கும் சரியாகிவிடும். நடுவில் மிஞ்சுகிற ஐந்து வாரத்தில் கைடு சில நாள் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருப்பார், கருவி சில நாள் பழுதாகிக் கிடக்கும். இதற்குள் நீங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கைத் திட்டமானாலும் சரி, ஐஐடிகள் தனித்தனியாக நடத்தும் திட்டங்களானாலும் சரி, ஆய்வு என்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. பக்கத்தில் என்றால் யார் பக்கத்தில்? கைடை வாரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் உங்களுக்கு அருகில் இருப்பவர்கள் அவரிடம் பிஎச்டி செய்கிறவர்களும், உங்களைப் போலவே பயிற்சிக்கு வந்தவர்களும்தான்.

மாலை நான்கு மணிக்கு உங்கள் லேபின் பிஎச்டி ஸ்காலர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு டீ குடிக்க எழுந்திருக்கிறார். நீங்களும் கூடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இந்த மெஷின் மத்தியானத்துக்கு மேல ரீடிங் தள்ளிக் காட்டும், காலைல வந்து எடுத்துக்கோ" என்பார். மேனுவலில் அது இருக்காது. தன் முதல் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பியதைச் சொல்வார். யாரிடம் சேர்ந்தால் ஐந்து வருடத்தில் முடியும், யாரிடம் சேர்ந்தால் எட்டு வருடம் இழுக்கும் என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஜாம் தேர்வு எழுதினால் பி.எஸ்சி. முடித்த கையோடு சில நிறுவனங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்டியும் சேர்ந்த படிப்பில் நுழையலாம், அதற்கு மூன்றாம் ஆண்டு தொடங்கிய சில மாதங்களிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும், இயற்பியலுக்கு ஜெஸ்ட் என்று தனியாக ஒன்று உண்டு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர் தனக்கென்று ஒரு தேர்வு நடத்துகிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்து விழும். இவை ரகசியங்கள் இல்லை. எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் இருப்பது தெரிந்தால்தானே தேட முடியும்? சீனியர்கள் வரிசையாக இந்தத் தேர்வுகளை எழுதிப் போயிருக்கும் கல்லூரியில் படிப்பவருக்கு இது காற்றில் வருகிற செய்தி. அப்படி ஒரு சீனியரும் இல்லாத கல்லூரியிலிருந்து வந்தவருக்கு இந்த டீ நேரத்தை விட்டால் வேறு வழி இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆராய்ந்த ஆந்தனி ஆப்ரஹாம் ஜாக், 2019இல் வெளிவந்த தன் நூலில் இதே போன்ற ஒன்றைக் காட்டுகிறார். பேராசிரியரை அறையில் போய்ப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நேரம் எதற்கு என்பதை யாரும் விளக்காததால், ஏழை மாணவர்கள் பலர் அங்கே போகவே இல்லை. வசதியான பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருக்கு இந்த இரண்டு மாதத்தின் குறிக்கோளே அதுதான் என்பதால். கைடு எழுதப்போகும் கடிதத்துக்கு அவர் உங்களைப் பார்த்த எட்டு மணி நேரம் போதாது. எழுத உட்காரும்போது அவர் லேபில் இருப்பவர்களிடம் கேட்பார்: "அந்தப் பொண்ணு எப்படி? தானா யோசிக்குமா, சொன்னதை மட்டும் செய்யுமா?" அதற்கு வரும் பதில்தான் கடிதத்தின் இரண்டாவது பத்தி. இயக்குநரோடு எடுத்துக்கொண்ட படத்துக்கு அந்தப் பத்தியில் இடம் கிடையாது. நீங்கள் கேட்ட கேள்வி, மற்றவரின் ப்ராஜெக்டுக்குச் செய்த உதவி, தப்பாய்ப் போன சோதனையை மறைக்காமல் சொன்னது, இவைதான் அங்கே போய்ச் சேரும். இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் உங்கள் கண்ணுக்கு முக்கியமானவராகத் தெரியாத ஒரு மூன்றாம் ஆண்டு ஸ்காலர்.

பெரிய மனிதர்களின் நெருக்கம் கிடைத்தால்தான் வழி திறக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடிய ஒன்று. ஆனால் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் நியூட்டனில் புது வேலைக்குப் போனவர்களிடம் விசாரித்தபோது கிடைத்தது வேறு கதை. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அப்போது அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்க்கிற, அல்லது பார்த்து வருடக்கணக்கான ஆட்களிடமிருந்து தகவல் வந்திருந்தது. 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை சமூக அறிவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது ஏறக்குறைய உங்களுக்கும் தெரியும்; நீங்கள் இருவரும் ஒரே ஆட்களோடுதான் பழகுகிறீர்கள். வேறு வட்டத்தில் இருக்கும், கொஞ்சமே பழகிய ஒருவரிடம்தான் உங்களை வந்தடையாத செய்தி இருக்கும். அப்படியானால் கவுஹாத்தியிலிருந்து வந்து உங்கள் லேபிலேயே மூலையில் உட்கார்ந்திருக்கும் மாணவி உங்களுக்கு எவ்வளவு முக்கியமானவர் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரியிலிருந்தே உங்களோடு வந்திருக்கும் அறைத் தோழரிடம் இல்லாத ஏதோ ஒன்று அவரிடம் நிச்சயம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு லிங்க்ட்இன்னில் ஐந்நூறு பேருக்கு அழைப்பு அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தளத்திலேயே இரண்டு கோடிப் பேருக்கு மேல் வைத்து நடத்திய சோதனைகளின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை மிக நெருக்கமான தொடர்புகளும் அல்ல, பெயரளவிலான தொடர்புகளும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. அதாவது, ஓரளவாவது பழகியிருக்க வேண்டும். முகமே தெரியாத ஒருவரின் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதால் உங்களுக்கும் பலன் இல்லை, அவருக்கும் இல்லை. பயிற்சி முடிந்த அன்று சர்டிபிகேட்டைப் பிடித்தபடி படம் போட்டு, பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன் என்று நீளமாக எழுதுகிறீர்களே, அதில் நன்றி சொல்லப்படும் பத்துப் பேரில் எத்தனை பேரோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியிருக்கிறீர்கள்? எழுதுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சமூக வாழ்க்கை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

இனிதான் என் குறை. பல ஊர், பல கல்லூரி, பல வர்க்கத்துப் பிள்ளைகளை ஒரே ஹாஸ்டலில் தங்கவைத்துவிட்டால் அவர்கள் தானாகக் கலந்துவிடுவார்கள் என்று திட்டத்தை நடத்துகிறவர்கள் நினைக்கிறார்கள், நீங்களும் நினைக்கிறீர்கள். கலப்பதில்லை. ராஜ் செட்டி தலைமையிலான பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரைகள் இதைத்தான் அளந்து காட்டின. ஏழைகளுக்கு வசதியானவர்களோடு நட்பு குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அவர்கள் ஒரே இடத்தில் இல்லாதது. மற்றப் பாதிக் காரணம், ஒரே இடத்தில் இருந்தும் பழகாதது. ஏழைக் குழந்தைகள் பின்னாளில் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதோடு அந்த அறிஞர்கள் ஆராய்ந்த அம்சங்களிலேயே மிக வலுவாக ஒத்துப்போனதும் இந்த வர்க்கம் தாண்டிய நட்புதான். உங்கள் விஷயத்தில் முதல் பாதியை அரசுப் பணமும் தேர்வுக் குழுவும் தீர்த்துவைத்துவிட்டன. நீங்கள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இரண்டாவது பாதியை எந்தக் குழுவாலும் தீர்க்க முடியாது. மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். இந்தி பேசுகிறவர்கள் ஒரு மேசை. தமிழும் தெலுங்கும் மலையாளமும் தனித்தனி மேசைகள். ஒரே ஐஐடியிலிருந்து வந்த நான்கு பேர் தங்களுக்குள் மட்டும் புரிகிற ஹாஸ்டல் சொற்களில் பேசிக்கொண்டு ஒரு மேசை. ஓரத்தில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி போனைப் பார்க்கும் இரண்டு மூன்று பேர். அவர்கள் போனைப் பார்ப்பது விருப்பத்தால் அல்ல. முதல் வாரம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டானது. இரண்டாம் வாரத்தில் அதிலிருந்து பிரிந்து ஒரு குட்டிக் குரூப் முளைத்தது. அதற்குப் பிறகு பொதுக் குரூப்பில் வருவது மெஸ் கூப்பன் அறிவிப்பு மட்டும். படம் பார்க்கப் போவது, ஒரு பேராசிரியரைச் சேர்ந்து போய்ச் சந்திப்பது, நல்ல பாடக் குறிப்புகள் எல்லாம் குட்டிக் குரூப்பில். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. எண்ணம் இல்லாமலேயே செய்து முடிக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான் இதில் இருக்கும் கேடு. தமிழ் மாணவர்களே, சென்னையில் நடக்கும் பயிற்சியில் ஊர்க்காரர்கள் நீங்கள். எந்தப் பஸ்ஸில் போனால் எங்கே இறங்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும், மெஸ் பிடிக்காவிட்டால் எந்தக் கடைக்குப் போகலாம் என்பதும் தெரியும். உங்களை வேறு மாநிலத்தில் ஒதுக்கினால் எவ்வளவு வலிக்குமோ அவ்வளவு வலிதான் உங்கள் தமிழ் மேசைக்கு வெளியே நிற்கும் அசாமியருக்கும்.

பழகத் தொடங்கும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வியையும் மாற்றச் சொல்வேன். "ஜேஇஇ ரேங்க் என்ன?" என்பது பலருக்குச் சாதாரண விசாரிப்பு. ஆனால் ரேங்கைக் கேட்பது இந்த நாட்டில் ஒருவரின் இடஒதுக்கீட்டுப் பிரிவைத் தெரிந்துகொள்வதற்கான குறுக்குவழியாகவும் இருக்கிறது. பட்டியலின மாணவர் ஒருவரின் மரணத்துக்குப் பிறகு மும்பை ஐஐடி 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளில், சக மாணவர்களின் ரேங்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல, அது சாதியை அறியும் முயற்சியாகத் தோன்றலாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. "அப்பா என்ன பண்றார்?", "ஊர்ல எந்தத் தெரு?" ஆகியவையும் அதே வகைதான், தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு வேறு கேள்வியா இல்லை? இந்த வாரம் உங்கள் ப்ராஜெக்டில் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத பயிற்சி மாணவரே கிடையாது.

நீங்கள் என்னோடு எங்கே முரண்படுவீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. "நான் வேலை செய்ய வந்தேன், அரட்டை அடிக்க வரவில்லை. திறமை இருந்தால் தானாக வெளியே தெரியும்" என்பார்கள் சிலர். இதைச் சொல்பவர்கள் ராமானுஜனைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1910இல் அவர் நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூருக்குப் போனது, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்க. ராமசாமி ஐயர் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டுகளைப் பார்த்துவிட்டு, வேலை தராமல் சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவை அடைந்தார் ராமானுஜன்; ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தபோது அங்கே நாராயண ஐயர் என்ற கணிதம் தெரிந்த மேலதிகாரி இருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதற்கு அடுத்த ஆண்டு சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் நேரில் பேசிக் கப்பலேறச் சம்மதிக்க வைத்தார். இவர்களில் ஒருவரும் அவருக்கு உறவினர் இல்லை. திறமை ராமானுஜனுடையது, சந்தேகமில்லை. அதைக் கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது கொஞ்சம் கொஞ்சம் பழகியவர்களின் சங்கிலி. அவரே கதவைத் தட்டி நோட்டைக் காட்டியிருக்கிறார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

"எனக்குக் கூச்சம். போய்ப் பேசினால் என்ன நினைப்பார்களோ" என்கிறவர்களுக்கு நம்பிக்கை தரும் ஓர் ஆய்வு உண்டு. எரிக்கா பூத்பியும் சக உளவியலாளர்களும் 2018இல் வெளியிட்டது. புதிதாகப் பேசிக்கொண்ட இருவரில் ஒவ்வொருவரும், தன்னை மற்றவர் உண்மையில் எவ்வளவு விரும்பினாரோ அதைவிடக் குறைவாகத்தான் விரும்பியிருப்பார் என்று மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய கல்லூரி மாணவர்களிடம் இந்தத் தப்புக்கணக்கு பல மாதங்கள் நீடித்தது. உங்கள் பயிற்சியோ இரண்டே மாதம். கணக்கு தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் ஊருக்குப் போகும் ரயில் வந்துவிடும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதும் உண்மையான தடைதான், அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் தடுமாறும் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட நல்ல கேள்வியை ஆய்வுக்கூடத்தில் யாரும் தள்ளிவிடுவதில்லை. ஜப்பானியரும் கொரியரும் பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் உலகக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் காக்கா பிடிக்கிற வேலை இல்லையா என்று முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். அந்தச் சுளிப்பு ஆரோக்கியமானது. சோதித்துப் பார்க்க ஒரே வழி: உங்களுக்கு எந்த ஆதாயமும் தர முடியாத ஒருவரிடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பேராசிரியர் அறை வாசலில் காத்து நின்று, லேப் டெக்னீஷியனின் பெயர்கூடத் தெரியாமல் ஊர் திரும்புபவர் செய்தது காக்கா பிடிக்கிற வேலைதான். அதுவும் விவரம் போதாமல் செய்தது, ஏனென்றால் அந்த லேபில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த டெக்னீஷியன். "போட்டிக்கு இருப்பவருக்கு நானே தகவல் சொல்லிக் கொடுப்பதா?" என்று வெளியே சொல்லாமல் மனதுக்குள் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வுத் தேதியைச் சொல்லிவிட்டதால் உங்கள் இடம் போய்விடும் என்றால், அந்த இடம் உங்களுக்கு அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. நாடு முழுவதும் பல ஆயிரம் பேர் எழுதும் தேர்வில் பக்கத்து அறைக்காரர் ஒருவர் கூடுவதால் என்ன மாறிவிடும்?

எனக்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாத எதிர்வாதம் மாணவிகளிடமிருந்து வரும். ஆய்வுக்கூடத்தின் நல்ல பேச்செல்லாம் இரவு பதினொரு மணிக்கு வாசல் டீக்கடையில் நடக்கும் என்று ஆகிவிட்ட இடங்களில், ஹாஸ்டல் கேட்டை முன்னதாகவே பூட்டிவிடும் மாணவிக்கு நான் சொல்லும் யோசனைக்கு என்ன அர்த்தம்? தாம்பரத்திலோ ஆவடியிலோ உறவினர் வீட்டில் தங்கி, ஆறு மணி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கு? ஸ்டைபெண்ட் பல இடங்களில் பயிற்சியின் கடைசியில்தான் கைக்கு வரும். அதுவரை வீட்டிலிருந்து வாங்கி வந்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்பவர், தலைக்கு இரண்டாயிரம் போட்டுப் புதுச்சேரி போகலாம் என்ற திட்டத்துக்கு "எனக்கு வேலை இருக்கு" என்றுதான் சொல்வார். அவரைப் பழகத் தெரியாதவர் என்று முத்திரை குத்தி விடுகிறோம். இங்கே மாற வேண்டியவர் அவர் இல்லை. நேரத்தையும் இடத்தையும் செலவையும் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கும் மற்றவர்கள். பேச்சை மதியச் சாப்பாட்டுக்கும் நான்கு மணி டீக்கும் கொண்டுவந்தால் யாரும் விடுபட மாட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக டிக்கெட் வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் ஒரு முழுப் பகலுக்குத் தாங்கும், செலவும் அதிகம் ஆகாது.

திட்டங்களை நடத்துகிறவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு, ஆனால் இந்த மடல் அவர்களுக்கு இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அகாடமித் திட்டத்தில் தேர்வானவர்கள் நாடெங்கும் தனித்தனி வழிகாட்டிகளிடம் சிதறிப் போகிறார்கள். ஒரு நிறுவனத்தில் ஒரே ஒருவராக மாட்டிக்கொள்வதும் நடக்கும். இதற்கு நேர்மாறாக, எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்டிடிஎஸ் கணிதக் கோடை முகாமில் நான்கு வாரம் எல்லோரும் ஒன்றாகவே இருப்பார்கள், வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், இரவில் அந்தக் கணக்குகளைக் கூட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். முகாமுக்குப் போனவர்கள் பல வருடங்களுக்குப் பிறகும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது இதனால்தான். நட்பு அங்கே தனி நிகழ்ச்சியாக நடத்தப்படவில்லை. சேர்ந்து செய்த வேலையிலிருந்து வந்தது. தனியாக மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தங்கள் அளவில் செய்துகொள்ளலாம். அதே வளாகத்தில் வேறு துறைக்கு, வேறு திட்டத்தில் வந்த பயிற்சி மாணவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். வாரம் ஒரு மதியம், காலியான ஒரு வகுப்பறை, ஒருவர் இருபது நிமிடம் தன் ப்ராஜெக்டைக் கரும்பலகையில் விளக்குவது. இதற்கு யார் அனுமதியும் பணமும் வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் மூன்று வேளையாவது உங்கள் மொழியோ கல்லூரியோ இல்லாத மேசையில் போய் உட்காருங்கள். வசதியான கல்லூரியிலிருந்து வந்தவர்களே, முதலில் எழுந்து போக வேண்டியவர்கள் நீங்கள். கூச்சத்தோடு ஓரத்தில் இருப்பவர் வந்து உங்கள் கதவைத் தட்டட்டும் என்று காத்திருப்பது நியாயம் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் பேச்சைப் பொதுவான மொழிக்கு மாற்றுங்கள். குட்டிக் குரூப்பில் வரும் உபயோகமான தகவலைப் பொதுக் குரூப்பிலும் போடுங்கள். ஓரத்தில் இருப்பவர்களே, யாராவது டீக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போங்கள். ஒருவரும் கூப்பிடாவிட்டால், நீங்களே ஒருவரிடம் உங்கள் ப்ராஜெக்டில் புரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அறிக்கையைச் சமர்ப்பித்த பிறகு கைடுக்கு மட்டும் அல்லாமல் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஸ்காலருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, இங்கே கற்றுக்கொண்டது எங்கே பயன்பட்டது என்று நான்கு வரி மறுபடியும் எழுதுங்கள். உதவி எதுவும் கேட்காத அந்த இரண்டாவது கடிதத்தை அநேகமாக ஒருவரும் எழுதுவதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். அகாடமிகளின் அடுத்த கோடைக்கான அறிவிப்பு ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்து, விண்ணப்பக் கெடுவும் சீக்கிரமே முடிந்துவிடும். ஐஐடிகளின் அறிவிப்பு அதற்குப் பின் புத்தாண்டின் தொடக்க மாதங்களில் வரும். பெரும்பாலான கலைக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைக்கு இவை வந்து சேர்வதே இல்லை. உங்கள் துறையின் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு ஒரு நாள் போய், கரும்பலகையில் இந்தத் தேதிகளையும் உங்கள் போன் நம்பரையும் எழுதிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்